ட்ரியெஸ்தேயில் கான்ஃபரன்ஸா? போய்ச் சேர, சுற்றிவர, பட்டினி கிடக்காமல் இருக்க

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனியா எல்லையை ஒட்டி, கடலுக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர் ட்ரியெஸ்தே. மக்கள்தொகை சுமார் 2 லட்சம். சுற்றுலா போகிறவர்கள் வெனிஸோடு திரும்பிவிடுவார்கள், இங்கே வருவது குறைவு. ஆனால் இயற்பியல், கணிதம், காலநிலை என்று ஏதாவது ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அப்துஸ் சலாம் 1964-ல் தொடங்கிய ஐசிடிபி என்கிற கோட்பாட்டு இயற்பியல் மையம் இங்கேதான் இருக்கிறது. வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்காகவே தொடங்கப்பட்ட இடம் என்பதால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இளம் கணிதவியலாளர்களுக்கு ராமானுஜன் பெயரில் அந்த மையமே ஒரு பரிசும் கொடுக்கிறது. முதல்முறை வெளிநாடு போகிற பிஎச்டி மாணவருக்கு அழைப்புக் கடிதம் வந்ததும் சந்தோஷத்தோடு கொஞ்சம் வயிற்றைக் கலக்கவும் செய்யும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: உங்கள் இடம் கீழேயா, நடுவிலா, மேலேயா?

டிக்கெட், ஹோட்டல் எதையும் தொடுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ட்ரியெஸ்தேயை மேப்பில் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். மேப்பில் உயரம் தெரியாது. கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே நிலம் செங்குத்தாக ஏறி, சுமார் 300 மீட்டர் உயரத்தில் கார்ஸோ என்கிற சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் ஆகிவிடும். ஆகவே "ஒரு கிலோமீட்டர்தானே, நடந்துவிடலாம்" என்பது இங்கே சில சமயம் படிக்கட்டும் சந்துமாக மூச்சு வாங்க ஏறுகிற ஒரு கிலோமீட்டராக இருக்கும்.

ஐசிடிபி இருப்பது ஊருக்கு வெளியே வடமேற்கில், மிராமரே கோட்டைப் பூங்காவை ஒட்டி. அதிலேயே இரண்டு மட்டம் உண்டு. அத்ரியாத்திகோ விருந்தினர் இல்லம் கடலோரத்தில், கிரிஞ்ஞானோ படகுத்துறைக்கு அருகில் இருக்கிறது. லியோனார்தோ என்கிற முக்கியக் கட்டடம் மேலே சாலையோரம் இருக்கிறது. வகுப்பு ஒன்றில், தங்குவது இன்னொன்றில் என்று அமைந்தால் தினமும் மரங்களுக்கு நடுவே ஏற வேண்டியிருக்கும், காலையில் இட்லி இல்லாத வயிற்றோடு. சிஸ்ஸா என்கிற உயர்கல்வி நிறுவனம் (1978-ல் தொடங்கியது) ஊருக்கு மேலே குன்றில், போனோமேயா தெருவில், பழைய மருத்துவமனை ஒன்றைப் புதுப்பித்த கட்டடத்தில் இருக்கிறது. எலெத்ரா சின்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை முடுக்கி, அதில் வரும் ஒளியை வைத்து ஆராய்ச்சி செய்யும் கூடம்) கார்ஸோ மேட்டில், பசோவிட்ஸா ஊருக்குப் பக்கத்தில். பல்கலைக்கழகத்தின் முக்கிய வளாகம் நகரத்தை ஒட்டிய ஒரு சரிவில். பெரிய மாநாடுகள் நடக்கும் கன்வென்ஷன் சென்டர் மட்டும் கடல்மட்டத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் பழைய துறைமுகப் பகுதியில் இருக்கிறது. இதில் உங்களுடையது எது என்று தெரிந்துவிட்டால் எங்கே தங்குவது, எந்த பஸ் என்பதெல்லாம் தானாக விழுந்துவிடும்.

விசா

ஷெங்கன் என்கிற, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசாவில், குறுகிய காலம் தங்குவதற்கான சி வகை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். ஆனால் 15 நாள் என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள், கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, சேவை மையத்தின் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கி மாறினாலும் விண்ணப்பம் இத்தாலிக்குத்தான், அதிக நாள் தங்கப்போகிற நாடு எதுவோ அதற்குத்தான் போட வேண்டும். நாள் கணக்கில் இறங்குகிற நாளும் கிளம்புகிற நாளும் சேரும். அழைப்புக் கடிதத்தில் மாநாட்டுத் தேதி மட்டும் இருந்தால், முந்தின நாள் வருகிறேன், மறுநாள் கிளம்புகிறேன் என்று அமைப்பாளரிடம் சொல்லி அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தங்கும் செலவை அவர்கள் ஏற்கிறார்கள் என்றால் அந்த வரியும் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். விசா அதிகாரி முதலில் தேடுவது "பணம் யார் கொடுக்கிறார்கள்" என்பதைத்தான்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. நீங்கள் ஃப்ராங்க்ஃபர்ட்டிலோ பாரிஸிலோ இமிக்ரேஷன் முடித்து ட்ரியெஸ்தேயில் இறங்கினால் அங்கே யாரும் பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள், உள்நாட்டு விமானம் மாதிரி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். ஆனால் வேறு ஷெங்கன் நாடு வழியாக வருகிறவர்கள் 8 நாளுக்குள் தாங்கள் வந்திருப்பதைப் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இத்தாலியில் சட்டம் உண்டு. ஹோட்டலில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவு செய்தாலே அது முடிந்த மாதிரி. நண்பர் வீட்டில் தங்குகிறவர்கள்தான் தனியாகக் கவனிக்க வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் கைரேகையும் புகைப்படமும் பதிவு செய்யும் முறை வந்துவிட்டது, அதனால் மாறும் விமானத்துக்கு ஒரு மணி நேர இடைவெளி எல்லாம் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டரை மணி நேரமாவது வேண்டும்.

எப்படிப் போய்ச் சேருவது

வழி மூன்று. எனக்குப் பிடித்ததை முதலில் சொல்கிறேன்.

ட்ரியெஸ்தே விமான நிலையம் நகரத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ரோன்கி என்கிற ஊரில் இருக்கிறது. சின்ன நிலையம். சென்னையிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட், அங்கிருந்து ட்ரியெஸ்தே என்று ஒரே டிக்கெட்டில் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, எடுத்துவிடுங்கள். வெளியே வந்ததும் மேலே மூடிய நடைபாலம் ஒன்று தெரியும், அதில் நடந்தால் நேரே ரயில் நிலையம். 2018-ல் திறந்தார்கள். அதற்கு முன்னால் பஸ்ஸை நம்பிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. பாலம் நானூறு மீட்டருக்கு மேல் நீளம், பெட்டிக்குச் சக்கரம் நன்றாக இருக்கிறதா என்று சென்னையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் மெஷினில் எடுக்கலாம், ஆங்கிலம் உண்டு. அரை மணியில் ட்ரியெஸ்தே சென்ட்ராலே. எதிர்த்திசை ரயில் வெனிஸ் பக்கமோ ஊதினே பக்கமோ கொண்டுபோய்விடும், பலகையில் கடைசி நிலையத்தின் பெயரைப் பார்த்து ஏறுங்கள். ஏறியதும் வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். மோன்ஃபால்கோனே தாண்டிக் கொஞ்ச நேரத்தில் தண்டவாளம் பாறைச் சரிவின் மேல் போகும், கீழே நீலமாக அத்ரியாத்திக் கடல். இரவெல்லாம் தூங்காமல் வந்த களைப்பு அங்கேயே பாதி போய்விடும்.

காகித டிக்கெட் எடுத்தால் ரயில் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்ன மெஷினில் செருகி முத்திரை வாங்க வேண்டும். நம் ஊரில் இந்தப் பழக்கம் இல்லை, அதனால் கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு. "தெரியாது, புதுசு" என்பதெல்லாம் எடுபடாது. மொபைலில் எடுக்கும் பிராந்திய ரயில் டிக்கெட்டுக்கு முத்திரை இல்லை, ஆனால் அதிலும் பயணத்துக்கு முன் செக்-இன் என்று ஒன்று வருகிறதா என்று பார்த்து முடித்துவிடுங்கள்.

இரண்டாவது வழி வெனிஸ். டிக்கெட் விலை குறைவாக இருப்பதும், நேரத்துக்கு நாலு விமானம் இருப்பதும் மார்கோ போலோ விமான நிலையத்துக்குத்தான். அங்கிருந்து பஸ்ஸில் மெஸ்த்ரே ரயில் நிலையம், சுமார் அரை மணி. அப்புறம் மெஸ்த்ரேயிலிருந்து ட்ரியெஸ்தேக்கு இரண்டு மணி நேர ரயில். வெனிஸ் என்று பெயர் போட்ட ரயில் நிலையம் இரண்டு. சாந்தா லூச்சியா தீவுக்குள் இருப்பது, உங்களுக்கு வேண்டியது தரையிலிருக்கும் மெஸ்த்ரே. விமானம் இரவு எட்டு மணிக்கு மேல் இறங்குகிறது என்றால் அன்றே ட்ரியெஸ்தே போக நினைக்காதீர்கள், மெஸ்த்ரேயில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். கடைசி ரயிலைத் துரத்திக்கொண்டு முன்பின் தெரியாத ஊரில் பெட்டியோடு ஓடுவது தேவையில்லாத வேலை.

மூன்றாவது, லுப்லியானா. ஸ்லோவேனியத் தலைநகரம் சுமார் 95 கிலோமீட்டர் தூரம்தான், பஸ்ஸில் வந்துவிடலாம். இரண்டுமே ஷெங்கன் நாடுகள், இருந்தாலும் 2023 அக்டோபரில் இத்தாலி இந்த எல்லையில் மறுபடி சோதனை வைத்தது. பஸ்ஸை நிறுத்திப் போலீஸ் ஏறுவது சாதாரணம். பாஸ்போர்ட் பெட்டியில் இல்லாமல் கையில் இருக்கட்டும்.

டாக்ஸி? விமான நிலையத்திலிருந்து தனியாக எடுத்தால் பர்ஸைப் பதம் பார்த்துவிடும். அதே விமானத்தில் மாநாட்டுக்கு வருகிறவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் நிச்சயம் இருப்பார்கள், போஸ்டர் சுருட்டிய நீளக் குழாயை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். பேசிப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஐசிடிபி போகிறவர்களுக்கு நள்ளிரவில் இறங்கினால் இதுதான் நல்ல வழி.

ஊருக்குள் பஸ்

மெட்ரோ கிடையாது, தேவையும் இல்லை. பஸ்தான் எல்லாம். டிக்கெட்டை ஓட்டுநரிடம் எதிர்பார்க்காதீர்கள். 'டி' எழுத்துப் போட்ட பலகை தொங்குகிற தபாக்கி என்கிற பெட்டிக்கடையில், சிகரெட், தபால்தலை, லாட்டரிச் சீட்டோடு சேர்த்து பஸ் டிக்கெட்டும் விற்பார்கள். பேப்பர் கடையிலும் கிடைக்கும். இல்லையென்றால் டிபிஎல் எஃப்விஜி என்கிற ஆப். நேரக் கணக்கு டிக்கெட், அந்த நேரத்துக்குள் பஸ் மாறிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பல தபாக்கிகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே நாலைந்து வாங்கிப் பையில் போட்டுவையுங்கள். ஏறியதும் மெஷினில் முத்திரை, ரயில் கதைதான் இங்கேயும்.

எண்களில் நினைவு வைக்க வேண்டியது 6. ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கும், பார்கோலா கடற்கரை வழியாக கிரிஞ்ஞானோ வரை போகும். ஐசிடிபிக்காரர்களுக்கு உயிர்நாடி. கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் அத்ரியாத்திகோ கிட்டத்திலேயே. லியோனார்தோவுக்குப் போக வேண்டும் என்றால் அங்கிருந்து மேலே ஏற வேண்டும். மிராமரே பூங்கா வழி அழகானது, ஆனால் மாலையில் பூங்கா வாயிலைப் பூட்டிவிடுவார்கள், குளிர்காலத்தில் அது சீக்கிரமே நடக்கும். கடைசி உரை நீண்டு இருட்டிவிட்டால் அந்த வழியை நம்பாதீர்கள்.

சிஸ்ஸாவுக்கு 38, பியாட்சா ஓபெர்தானிலிருந்து. பல்கலைக்கழகத்துக்கு 17. எண் 51-ல் ஒரு குழப்பம் உண்டு. நகர பஸ் 51 கார்ஸோ மேட்டில் ஆராய்ச்சிப் பூங்கா, பசோவிட்ஸா பக்கம் போவது. விமான நிலையம் வழியாகப் போவது ஜி51. முன்னே இருக்கிற எழுத்தைக் கவனிக்காமல் ஏறினால் நேர் எதிர்ப்பக்கம் போய்ச் சேருவீர்கள். இரவு ஒன்பதுக்குப் பிறகு சில எண் தடங்கள் நின்றுபோய் ஏ, பி, சி என்று எழுத்துத் தடங்கள் ஓடும், அதனால் மாநாட்டு விருந்து ஊருக்குள் வைத்திருக்கும் நாளில் திரும்பும் பஸ்ஸை மாலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிச்சீனா டிராம் பற்றி யாராவது சொல்வார்கள். 1902-ல் தொடங்கியது, நகரத்திலிருந்து மேட்டுக்கு ஏறுவது, செங்குத்தான பகுதியில் கயிற்றால் இழுத்துத் தள்ளிக்கொண்டு போவது. 2016-ல் இரண்டு டிராம்கள் மோதியதில் நின்றுபோய், 2025 தொடக்கத்தில்தான் மறுபடி ஓடியது. போக ஆசை இருந்தால் போங்கள், ஆனால் அன்றைக்கு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். நேரத்துக்குப் போக வேண்டிய எதற்கும் அதை நம்ப வேண்டாம்.

எங்கே தங்குவது

அமைப்பாளர்களே அறை கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சே இல்லை. சிலருக்கு அறையைப் பகிர வேண்டி வரும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வீடியோ கால் பேசுகிற பழக்கத்தை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

சொந்தச் செலவில் என்றால் ரயில் நிலையத்துக்கும் பியாட்சா உனிதா சதுக்கத்துக்கும் நடுவில், போர்கோ தெரேசியானோ என்கிற பகுதியில் தேடுங்கள். கட்டம் போட்டது போன்ற நேர்த்தெருக்கள், சமதளம், எல்லா பஸ்ஸும் கிட்டத்தில். ஒப்பிச்சீனாவில் வாடகை குறைவாக இருக்கும், ஆனால் அது மேட்டின் மேல். கீழே வந்து, மறுபடி வேறொரு மேட்டுக்கு ஏறும் வேலை. அறை வாடகைக்கு மேல் தலைக்கு இத்தனை என்று நகர வரி வாங்குவார்கள், இத்தாலி முழுக்க இருப்பதுதான், ஏமாற்று அல்ல. ரசீதைக் கேட்டு வாங்கி வைத்தால் ஊரில் டி.ஏ. பில்லுக்கு ஆகும்.

அக்டோபரில் மாநாடு என்றால் ஒரு எச்சரிக்கை. அந்த மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பார்கோலானா பாய்மரப் படகுப் போட்டி. 1969-லிருந்து நடக்கிறது, 2018-ல் 2,600-க்கும் அதிகமான படகுகள் கலந்துகொண்டு கின்னஸில் ஏறியது. அந்த வாரத்தில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும். தேதி உங்கள் கையில் இல்லை, ஆனால் அழைப்பு வந்த அன்றே அறை போட்டுவிடுவது உங்கள் கையில் இருக்கிறது.

போரா

இந்தக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வடகிழக்கிலிருந்து, மேட்டுநிலத்தின் குளிர்ந்த காற்று சரிவில் உருண்டு கடலை நோக்கிப் பாய்வதுதான் போரா. பெரும்பாலும் குளிர்காலத்தில். விட்டு விட்டு அடிக்கும் வீச்சு மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவது சகஜம், நாம் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிற வேகம். ஆனால் இங்கே கடை திறந்திருக்கும், மாநாடும் நடக்கும். பழைய காலத்தில் தெருமுனைகளில் கயிறு கட்டிவைப்பார்களாம், பிடித்துக்கொண்டு நடக்க. போரா நாளன்று குப்பைத் தொட்டிகளில் கம்பி வளைந்த குடைகள் தலைகீழாகக் குத்தி நிற்பதைப் பார்க்கலாம். நீங்களும் ஒன்றைச் சேர்க்க வேண்டாம், குடையை விட்டுவிட்டுத் தலைக்கு மூடி வைத்த, காற்றுப் புகாத ஜாக்கெட் கொண்டுபோங்கள். வெப்பநிலை 6 டிகிரி என்று ஃபோன் சொல்லும், காது அதை ஒப்புக்கொள்ளாது. கம்பளிக் குல்லாய், கழுத்துத் துண்டு. போஸ்டரைக் குழாயில் போட்டுத்தான் எடுத்துச் செல்ல வேண்டும், கையில் சுருட்டிப் பிடித்தால் அது கடலுக்குத்தான்.

சாப்பாடு

சைவமா? கஷ்டம் இல்லை, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். பதிவுப் படிவத்தில் சைவம் என்று குறிப்பதோடு நிறுத்தாமல் "மீனும் வேண்டாம்" என்று எழுதுங்கள், கடலோர ஊரில் மீனைச் சைவத் தட்டில் வைத்துவிடும் நல்ல மனிதர்கள் உண்டு. உணவகத்தில் "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே" என்றால் இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். இந்த ஊர் சூப்பான யோத்தா பீன்ஸும் புளிக்கவைத்த முட்டைக்கோஸும் போட்டது, படிக்கும்போது சைவமாகத் தெரியும், பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும். 'புஃபே' என்று பலகை போட்ட கடையைப் பார்த்து நம் ஊர் புஃபே என்று நுழைந்துவிடாதீர்கள். இங்கே அது வேகவைத்த பன்றி இறைச்சிக் கடை. அசைவக்காரர்களுக்குச் சொர்க்கம், ரொட்டிக்குள் சூடாக வைத்து, மேலே குதிரைமுள்ளங்கியைத் துருவிப் போட்டுத் தருவார்கள், நம் கடுகு போலவே மூக்கில் ஏறும்.

முட்டையும் கூடாது என்றால் புதிதாகச் செய்த பாஸ்தாவைத் தவிருங்கள், காய்ந்த பாஸ்தாவில் பொதுவாக முட்டை இருக்காது. பார்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்று நொதி சேரும், அதில் கண்டிப்பானவர்கள் "சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ" என்று சொல்லிவிட வேண்டும். எல்லாம் தோற்றால் மரினாரா பீட்சா. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, சீஸே கிடையாது, விலையும் குறைவு. மிளகாய் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டு மேலே ஊற்றிக்கொண்டால் நாக்கு உயிர் பெறும்.

நேரம் முக்கியம். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டரை, இரவு ஏழிலிருந்து பத்து. நடுவில் சமையலறை மூடிவிடும். நாலு மணிக்குப் பசித்தால் ரொட்டிக்கடை அல்லது சூப்பர் மார்க்கெட்தான். பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று ஒன்றிரண்டு யூரோ இருக்கும், உட்கார்ந்த கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ஊரிலிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாம் செக்-இன் பெட்டியில் போகலாம். நெய்யும் பால்கோவாவும் கூடாது. பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனிப்பையில் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். அம்மா ரகசியமாக வைத்துக் கட்டியிருப்பார், பெட்டியை ஒருமுறை நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் காபி. இல்லி கம்பெனி 1933-ல் இங்கேதான் தொடங்கியது, துறைமுகம் வழியாகக் காபிக்கொட்டை வந்து இறங்குகிற ஊர். அதனால் இவர்கள் காபிக்குத் தனிப் பெயர்களும் வைத்திருக்கிறார்கள். எஸ்ப்ரெஸோ வேண்டுமென்றால் 'நேரோ'. அதில் கொஞ்சம் பால் நுரை வேண்டுமென்றால் 'காப்போ'. அதையே சின்னக் கண்ணாடி கிளாஸில் வேண்டுமென்றால் 'காப்போ இன் பி'. இந்தக் கடைசியைத்தான் நான் சிபாரிசு செய்வேன். கட்டைவிரல் உயர கிளாஸில், அடியில் கறுப்பு, மேலே பழுப்பு, உச்சியில் விரற்கடை நுரை. இரண்டு மடக்கில் முடிந்துவிடும், ஆனால் நம் டிகாஷன் காபியைப் பிரிந்த துக்கம் கொஞ்சம் ஆறும். பாரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் வேறு விலை. பியாட்சா உனிதாவில் வெளியே உட்கார்ந்தால் அந்த வேறு விலை நன்றாகவே வேறு.

அரை நாள் ஓய்வு கிடைத்தால்

பியாட்சா உனிதாவை எப்படியும் பார்த்துவிடுவீர்கள், மூன்று பக்கம் மாளிகை, நாலாவது பக்கம் கடல். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மோலோ அவுதாச்சே என்கிற கல்பாலம் கடலுக்குள் இருநூறு மீட்டருக்கு மேல் நீண்டு போகும். மாலையில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க ஊரே அங்கே வந்து நிற்கும். ஹாப்ஸ்பர்க் பேரரசு 1719-ல் இதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்த பிறகு வளர்ந்த ஊர் இது, 1918 வரை வியன்னாவின் கடல்வாசல். 1954-ல்தான் இத்தாலியோடு முடிவாகச் சேர்ந்தது. கிரேக்கர், செர்பியர், யூதர் எல்லாரும் வியாபாரத்துக்கு வந்து கட்டிய கோயில்களைச் சில தெருக்களுக்குள்ளேயே நடந்து பார்த்துவிடலாம். மிராமரே கோட்டையைக் கட்டிய மாக்ஸிமிலியன் மெக்ஸிகோவுக்குப் பேரரசராகப் போய் 1867-ல் சுட்டுக்கொல்லப்பட்டார். பூங்காவுக்குக் கட்டணம் இல்லை, கோட்டைக்குள் போகத்தான் டிக்கெட்.

இந்த ஊரின் இருண்ட பக்கமும் தெரிய வேண்டும் என்றால் ரிஸியேரா தி சான் சப்பா. அரிசி ஆலையாக இருந்ததை நாஜிகள் கொலைமுகாம் ஆக்கி, பிணம் எரிக்கும் உலையும் வைத்திருந்தார்கள். இப்போது நினைவிடம். கலகலப்பாகக் கூட்டம் சேர்த்துக்கொண்டு போகிற இடம் இல்லை.

கோடையில் பார்கோலாவில் நீந்தலாம். மணல் தேடாதீர்கள், சிமெண்ட் மேடையும் பாறையும்தான். அலுவலகக்காரர்கள் மதிய இடைவேளையில் வந்து நடைபாதையிலேயே துண்டு விரித்துப் படுத்திருப்பார்கள். ஊருக்குள் பெதோசின் என்று ஒரு பழைய குளியல் கடற்கரை உண்டு, ஆண்களையும் பெண்களையும் பிரிக்க நடுவில் வெள்ளைச் சுவர் கடல் வரை போகிறது. இத்தாலியில் இப்படியா என்று தோன்றும். எடுத்துவிடலாமா என்று பேச்சு வந்தபோதெல்லாம் ஊர்ப் பெண்களே வேண்டாம் என்றார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கார்ஸோ பக்கம் போக 42-ம் எண் பஸ்ஸில் க்ரோத்தா ஜிகாந்தே குகை. உள்ளே ஒரே கூடம் நூறு மீட்டர் உயரம். கூட்டாக வழிகாட்டியோடுதான் விடுவார்கள், இறங்க ஐந்நூறு படி, ஏற ஐந்நூறு படி, ஆண்டு முழுவதும் 11 டிகிரி. ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், முழங்கால் வலி இருந்தால் போகாதீர்கள். மேட்டிலேயே ஒஸ்மித்ஸா என்று விவசாயிகள் வீட்டு முற்றத்தில் நடத்தும் கடைகள் உண்டு. சொந்தத் தோட்ட ஒயின், வீட்டு ஹாம், அவித்த முட்டை, சீஸ், அவ்வளவுதான் மெனு. பேரரசர் இரண்டாம் யோசெஃப் 1784-ல் கொடுத்த அனுமதியின் வழியில் வருவதால் வருஷத்தில் சில நாள் மட்டும் திறப்பார்கள். சாலைமுனையில் இலைக்கொத்து தொங்கினால் அந்தப் பக்கம் ஒன்று திறந்திருக்கிறது என்று பொருள். உள்ளூர் சக ஆய்வாளர் கூப்பிட்டால் மறுக்காதீர்கள், பல சுற்று ஆய்வுப் பேச்சு அங்கேதான் ஒழுங்காக நடக்கிறது.

சில்லறை விஷயங்கள்

லேப்டாப் சார்ஜரின் நம் ஊர் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் இரண்டாகக் கொண்டுபோங்கள். மெல்லிய இரண்டு முள் மொபைல் சார்ஜர் அப்படியே நுழையும். காய்ச்சல் என்றால் பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடையில் 'தாக்கிபிரீனா' கேளுங்கள், பாராசிட்டமால்தான். ஆன்டிபயாடிக் எதுவும் சீட்டில்லாமல் கிடைக்காது, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை ஆங்கிலச் சீட்டோடு எடுத்துப் போங்கள். அவசரத்துக்கு 112.

கிளம்புகிற நாள். இத்தாலியில் 'ஷோப்பரோ' என்றால் வேலைநிறுத்தம், ரயிலில் அது அடிக்கடி வரும், ஆனால் முன்கூட்டியே அறிவிப்பார்கள். வாரநாளில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் முக்கியப் பிராந்திய ரயில்கள் ஓடியாக வேண்டும் என்று விதி இருக்கிறது, அந்த நேரத்துக்குள் கிளம்பிவிடுங்கள். வெனிஸில் விமானம் என்றால் ஒரு ரயில் தவறினாலும் தாங்கும்படி முந்தைய ரயிலை எடுங்கள். ட்ரியெஸ்தேயிலிருந்து காலை ஆறு மணி விமானம் என்றால் ரயிலை நம்பாமல் முதல் நாள் மாலையே வரவேற்பு மேஜையில் சொல்லி டாக்ஸி வைத்துவிடுங்கள், உங்களைப் போலவே இன்னும் யாராவது பெயர் கொடுத்திருப்பார்கள்.

வீட்டுக்குக் காபித்தூள் வாங்குகிறவர்கள் 'மோகா' என்று போட்ட டப்பாவை எடுங்கள். எஸ்ப்ரெஸோவுக்கு அரைத்தது ரொம்ப நைஸாக இருக்கும், நம் பித்தளை ஃபில்டரில் போட்டால் சொட்டுச் சொட்டாகக்கூட இறங்காது. டப்பாவைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் இருந்தால் ஃப்ராங்க்ஃபர்ட் சோதனையில் திறந்து காட்டச் சொல்வார்கள்.